விரால் இருக்குமிடம்

மீன் பிடிப்பதற்குப் பொறுமை ஒன்றே போதும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது தவறு. கொக்குக்குப் பொறுமை உண்டுதான். ஆனால் இடம் பார்த்து நிற்கிற புத்தியும் அதற்கு உண்டு. மனிதர்களில் சிலரோ மீனே இல்லாத மூலையில் மாலைவரை உட்கார்ந்துவிட்டு, அதிருஷ்டத்தை நொந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள்.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் சென்றிருந்தோம். இராமாநுஜர் அவதரித்த அவ்வூரில் அந்நேரம் பெரியோர்கள் திருப்பாவை கேட்கச் செல்வார்கள். நாமோ தூண்டிலும் கையுமாக ஏரிக்கரைக்குப் போனோம்! அழைத்துச் சென்றவர் நம்மிடம் படித்த மாணாக்கர். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு நேரே வந்திருந்தார்.

அவர் தம் பெட்டியைத் திறந்ததும் பொம்மைக் கடையைத் திறந்தது போலிருந்தது. ரப்பர் தவளை, பளபளக்கும் கரண்டி, வர்ணம் பூசிய மரமீன், மெழுகு போன்ற புழு! எல்லாம் அமெரிக்காவில் 'பாஸ்' என்னும் மீனைப் பிடிப்பதற்காக ஏற்பட்டவை.

அந்த மீனின் கதை சுவையானது. ஜலம் நான்கு டிகிரி சென்டிகிரேடில்தான் மிகவும் கனமாக இருக்கும். ஆகையால் பனிநாட்டு ஏரிகளில் மேலே பனிக்கட்டி மிதக்கும்போதும் அடியிலுள்ள ஜலம் உறைவதில்லை. மீனுக்கு நம்மைப்போல் தனியாக உடற்சூடு கிடையாது. ஜலத்தின் சூடே அதன் சூடு. எனவே குளிர்காலத்தில் பாஸ் ஆழத்திற்குச் சென்று மந்தமாகிவிடுகிறது, இரையைத் துரத்துவதில்லை. சிறிய பொய்யிரையை ஆழத்தில் இறக்கி மிக மெதுவாக இழுப்பவருக்கே அது அகப்படும்.

"அப்படியானால் நாமும் ஆழத்தில் போடலாமா, ஸார்?" என்றார் மாணாக்கர்.

அங்கேதான் இறக்குமதிச் சாஸ்திரம் நமக்கு உதவாது. நம் ஏரி ஆழமற்றது. நம் விராலோ வேறு ஜாதி. அதற்குச் செவுளோடு, தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் அறையும் உண்டு. ஆதலால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அப்போது எழும் சிறு சப்தமும், நீரில் விரியும் வளையமுமே அதன் விலாசம்! கோரை ஓரம், அல்லி இலைகளின் இடைவெளி, நீரில் நிற்கும் கருவேல மரத்தடி ஆகியவை அது பதுங்குமிடங்கள். மார்கழிக் குளிரில், வெயில் ஏறிக் கரையோர ஜலம் சற்றுச் சூடான பிறகு அங்கே பார்க்க வேண்டும். செடிகளுக்கிடையே ரப்பர் தவளைதான் உசிதம். முள் அதன் முதுகோடு ஒட்டியிருப்பதால் இலையில் மாட்டாது. செடியற்ற தெளிந்த ஜலத்தில் கரண்டி போதும். எதுவானாலும் குளிர் நாளில் நிதானமாக இழுப்பது நலம்.

இவ்வாறு நாம் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில், அல்லிக்கு அப்பால் ஜலம் செந்நிறமாகக் கொதிப்பது போல் தோன்றியது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள்! மாணாக்கர் துள்ளியெழுந்து தவளையை வீசப் போனார். அடியில் தாய் விரால் நிச்சயமாக இருக்கும் என்று அவர் அறிவார்.

"வாணாம் தம்பி!" என்றார், மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் வலை வீசும் கிழவர். "குஞ்சு மேய்க்கிற மீனு அது. அதைப் புடிச்சா, மத்த மீனுங்க இதுங்களை இன்னிக்கே தின்னு தீத்துடும்."

தூண்டில் தாழ்ந்தது. கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில், பாஸ் தன் கூட்டைக் காவல் காக்கும் வசந்த காலத்தில் அதைப் பிடிக்கலாகாதென்று சட்டமே இருக்கிறது. இங்கே அந்தச் சட்டம் கிழவரின் வாயில் இருந்தது.

அக்குஞ்சுகளைப் பார்த்தபோது நமக்கு வேறொன்றும் தோன்றிற்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கிய பின்னர், ஒரகடம் வரையில் எத்தனையோ தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. நம் மாணாக்கர் போன்றோருக்கு அவை சோறு போடுகின்றன, அவற்றை வெறுப்பதற்கில்லை. ஆனால் இவ்வேரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் செல்கிறது. அதைச் சென்னை நகரம் குடிக்கிறது. பெரிய விராலைக் கண்டு மட்டும் ஏரி நலமென்று முடிவு செய்யக் கூடாது. காற்றை விழுங்கும் மீன் கெட்ட ஜலத்திலும் காலந்தள்ளும். பிறந்த புதிதில் குஞ்சுகளுக்கு அந்தச் சக்தி இல்லை. அவை ஜலத்தையே நம்பிச் சுவாசிக்க வேண்டும். செங்குஞ்சு மேய்கிற வரையில் ஏரிக்கு உயிர் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம்.

பிற்பகலில் கலங்கல் பக்கம் ஒரு விரால் தவளையைக் கவ்வியது. மாணாக்கர் அதைக் கிழவரிடமே கொடுத்துவிட்டார். ஜிலேபி மீன் ஒன்றுகூட இல்லாமல் வீடு திரும்பிய நம்மை வீட்டார் என்ன கேட்டார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.