தடித்த இதயம் ஏன் களைக்கிறது?

இதயத் தசை தடித்திருக்கிறது என்று தெரிவிக்கும்போது, "தசை தடித்தால் வலிமை கூடத்தானே வேண்டும்? பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது?" என்று பலர் எங்களைக் கேட்கின்றனர். நியாயமான கேள்வி இது. தசை எவ்வாறு சுருங்குகிறது என்பதை அறிந்தால் விடை தெளிவாகும்.

தசைக்குள் ஆக்டின், மயோசின் என்னும் இருவகைப் புரத இழைகள் உள்ளன. தசை சுருங்கும்போது இவ்விழைகள் நீளம் குறைவதில்லை. ஒன்றையொன்று ஒட்டிச் சறுக்குகின்றன. இதனை 1954-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. தேர் வடத்தைப் பலர் கைமாற்றிப் பிடித்து இழுப்பதைப் போல, மயோசினின் எண்ணற்ற 'தலைகள்' ஆக்டினைப் பற்றுகின்றன, இழுக்கின்றன, விடுகின்றன. பின்னர் மீண்டும் பற்றுகின்றன.

எத்தனை தலைகள் எவ்வளவு நேரம் பற்றியிருக்கும்? கண்ணால் காண இயலாத இதனைக் கணக்கிட, ஆண்ட்ரூ ஹக்ஸ்லி 1957-இல் ஒரு கணித மாதிரியை அமைத்தார். ஏ.வி. ஹில் தவளையின் தசையில் அளந்து 1938-இல் வெளியிட்ட முடிவுகளுடன் அது நன்கு பொருந்தியது. ஆனால் தசை மிக வேகமாகச் சுருங்கும்போது ஆற்றல் வெளியீடு குறைகிறது என்று 1964-இல் ஹில் கண்டறிந்தார். பழைய கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. ஆகவே, தலை பற்றுவது இரு படிகளில் நிகழ்கிறது என்று கொண்டு 1973-இல் ஹக்ஸ்லி தம் மாதிரியைத் திருத்தினார். கணக்கும் சோதனையும் இவ்வாறு ஒன்றையொன்று திருத்தியே அறிவு வளர்ந்தது. இன்று ஒற்றை மயோசின் மூலக்கூறின் இழுவையையே லேசர் ஒளியால் அளக்க முடிகிறது. அந்த அளவுகளைக் கொண்டு முழுத் தசையின் இயக்கத்தையும் கணினியில் உருவாக்கிப் பார்க்க முடிகிறது.

எல்லாத் தலைகளும் எப்போதும் இழுப்பதில்லை. ஒரு பகுதி மடங்கி ஓய்வில் இருக்கும். பரம்பரையாக வரும் இதயத்தசைத் தடிப்பு நோயுள்ள பலரிடம் ஓய்வில் இருக்க வேண்டிய தலைகளும் இழுக்க வந்துவிடுகின்றன. இதயம் தேவைக்கு மேல் இறுகுகிறது; சரியாகத் தளர்வதில்லை. இதயம் தளரும்போதுதான் அதில் இரத்தம் நிரம்பும். அது தடைப்படுவதால் நுரையீரலில் அழுத்தம் கூடி மூச்சு வாங்குகிறது. ஆக, உங்கள் இதயத்தின் குறை வலிமையில் இல்லை, ஓய்வில் இருக்கிறது.

இந்தப் புரிதலின் பயனாக வந்த மருந்து மாவகாம்டென். இழுக்கும் தலைகளின் எண்ணிக்கையை இது குறைக்கிறது. இரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பு ஏற்படும் வகை நோய்க்கு, 2022-இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. இது எல்லோருக்கும் ஏற்றதன்று. அளவு மிகுந்தால் இதயத்தின் இரத்தம் செலுத்தும் திறனே குறையக்கூடும். இம்மருந்தை உட்கொள்வோருக்கு மீண்டும் மீண்டும் எக்கோ பரிசோதனை செய்வது அதனால்தான்.

எந்த மருந்தானாலும் அளவை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். வேறு மருந்துகள் உட்கொண்டாலோ, கருவுற எண்ணினாலோ, முன்னதாகவே எங்களிடம் தெரிவியுங்கள். நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எனவே அறிகுறி ஏதும் இல்லாவிடினும், உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.