வேவுப் புறாவும் வீட்டுத் திசையும்

பென்குயின்கள் நான்கு, உலகைக் காக்கும் ஒற்றர்களாகப் புறப்படுகின்றன. கட்டளையிடும் தலைவன் ஒருவன், கணக்குப் போட்டுத் திட்டம் தீட்டுபவன் ஒருவன், வேண்டிய கருவியை வயிற்றிலிருந்து கக்கித் தருபவன் ஒருவன், நான்காமவன் கடைக்குட்டி. பகைவனாக வருவது எட்டுக் கைகள் கொண்ட பேய்க்கணவாய். போட்டிக்கு ஓநாய், ஆந்தை, கடல்நாய், பனிக்கரடி ஆகியவை அடங்கிய மற்றோர் உளவுக்குழு. 2005இல் வந்த 'மடகாசுக்கர்' அசைவூட்டப் படத்தின் கிளையாக 2014இல் திரைக்கு வந்த 'பென்குயின்சு ஆப் மடகாசுக்கர்' படத்தின் கதை இவ்வளவே. குழந்தைகளோடு அமர்ந்து நானும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்பு, விலங்குகள் மனிதரைப் போலவே திட்டமிட்டு, பேசி, சண்டையிட்டுக்கொள்வதால் பிறப்பது. மெய்யான விலங்கு ஒற்றர்களின் வரலாறு இதற்கு நேர்மாறானது. மனிதனிடம் இல்லாத புலன் ஒன்று தன்னிடம் இருந்ததாலேயே ஒரு விலங்கு உளவுப் பணிக்கு எடுக்கப்பட்டது. எதற்காக எடுக்கப்பட்டோம் என்பது அதற்குக் கடைசிவரை தெரியாது. (பென்குயினுக்கும் படைப்பதவி உண்டென்பதை இடையே சொல்லிவிடுகிறேன்: எடின்பரோ விலங்குக்காட்சியகத்தில் வாழும் அரசப் பென்குயின் 'நில்சு ஓலாவ்', நார்வே அரசரின் மெய்க்காவற்படைச் சின்னம், 2008இல் வீரப்பட்டமும் பெற்றது. வேலை என்று அது செய்ததெல்லாம் அணிவகுப்பைப் பார்வையிட்டதுதான்.)

உண்மையில் உழைத்த பறவை புறா. அதை அறிய ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் உள்ள பாரிவாக்கத்து மொட்டை மாடி ஒன்றின்மேல், மரச்சட்டமும் கம்பிவலையும் கொண்டு கட்டிய புறாக்கூண்டைப் பார்த்தால் போதும். பந்தய நாளில் வளர்ப்பவர் காலையிலிருந்தே கழுத்தை வானுக்கு ஒடித்துக்கொண்டு நிற்பார். புறாக்களைக் கூடையிலிட்டு முந்தின நாளே வண்டியேற்றி, ஆந்திரத்துக்குள் நெடுந்தொலைவு கொண்டுசென்று திறந்துவிட்டிருப்பார்கள். வடவானில் ஒரு புள்ளி தோன்றும். சிறகை ஒடுக்கிக்கொண்டு சாய்ந்து இறங்கும். கூண்டின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, உள்ளே தள்ளினால் திறந்து வெளியே தள்ளினால் திறவாத கம்பிகளின் வழியே நுழையும். அவர் ஓடிச்சென்று காலிலிருக்கும் இரப்பர் வளையத்தைக் கழற்றி, நேரம் பதியும் பொறிக்குள் போடுவார். பிறகுதான் கம்பும் சோளமும் தண்ணீரும். ஊரார் இதை 'ஓமர்' என்பர். வானில் குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறா வேறு. இரண்டும் கோயில் மாடங்களில் குடியிருக்கும் மாடப்புறாவின் வழிவந்தவையே.

இந்த ஓமர் இனத்தின் திறமை ஒன்றே ஒன்று: அறியாத இடத்தில் விட்டாலும் வீடு திரும்பும். போகச் சொன்ன இடத்துக்கு அது போகாது. ஆகவே புறாவழிச் செய்தி ஒருவழிப் பாதை. செய்தி எங்கிருந்து வரவேண்டுமோ அங்கே பறவையை முதலில் மனிதன் சுமந்துசெல்ல வேண்டும். முதல் உலகப்போரில் 1918 அக்டோபரில், பிரான்சின் ஆர்கோன் காட்டில் சூழப்பட்ட அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று, தன்மீதே குண்டு பொழிந்த தன் பீரங்கிகளை நிறுத்தச் சொல்லி அனுப்பிய 'செர் அமி' என்ற புறா, மார்பிலும் காலிலும் குண்டு பட்டும் பாசறைக் கூட்டை அடைந்தது. பாடம்செய்த அதன் உடல் இன்றும் வாசிங்டன் அருங்காட்சியகத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயர் இன்னும் துணிந்தனர். 1941 முதல் 1944 வரை பதினாறாயிரம் புறாக்களைச் சிறு பெட்டிகளில் வைத்து, வான்குடையில் கட்டி, செருமானியர் பிடியிலிருந்த நாடுகளின் வயல்களில் போட்டனர். பெட்டிக்குள் ஒரு வினாத்தாளும் மெல்லிய எழுதுதாளும் இருக்கும். கண்டெடுத்த உழவர் தாம் பார்த்த படைநடமாட்டத்தை எழுதிப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிடவேண்டும். ஏறத்தாழ ஆயிரம் செய்திகள் திரும்பின. மற்றப் பறவைகளுள் எத்தனை பசித்தவரின் சட்டியில் முடிந்தனவோ!

நம் நாட்டில் ஒடிசாக் காவல்துறையின் புறா அஞ்சல் நெடுங்காலம் நீடித்தது. 1946இல் படைத்துறை கொடுத்த இருநூறு பறவைகளுடன் கோராப்புட்டு மலைப்பகுதியில் அது தொடங்கியது. 1948 ஏப்பிரலில் சம்பல்பூரிலிருந்த நேரு, கட்டாக்கிலிருந்த அதிகாரிகளுக்குப் புறாவழியே குறிப்பனுப்பியது அத்துறை பெருமையோடு சொல்லும் கதை. கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1982ஆம் ஆண்டு வெள்ளம். கம்பிகள் அறுந்து பாங்கி நகரம் தனித்துக் கிடந்தபோது செய்தி சுமந்தவை இப்பறவைகளே.

எப்படித் திரும்புகிறது? இதற்கு விடைதேடியே நூற்றாண்டு ஒன்று கழிந்துவிட்டது. செருமானிய அறிஞர் குசுதாவ் கிராமர் 1950களில் வினாவை இரண்டாகப் பிரித்தார். ஊர் தெரியாத இடத்தில் விடப்பட்டவனுக்கு நிலப்படம் ஒன்றும் திசைகாட்டி ஒன்றும் வேண்டும். தான் நிற்பது எங்கே என்று ஒன்று சொல்லும், வடக்கு எது என்று மற்றது சொல்லும். புறாவிடம் இவ்விரண்டும் தனித்தனியே உள்ளன என்றார் அவர்.

திசைகாட்டிகளுள் முதலாவது கதிரவன். கதிரவன் நகர்வதால் நேரம் தெரியாதவனுக்கு அது பயன்படாது. புறாவின் உடலுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. இதைக் காட்டிய ஆய்வு அழகானது. புறாக்களைச் சில நாள்கள் மூடிய அறையில் வைத்து, விளக்கொளியை இயல்பான விடியலுக்கு ஆறு மணிநேரம் முன்னதாகவே ஏற்றி அணைத்துப் பழக்குவர். பிறகு காலை ஆறு மணிக்கு வெளியே விடுவர். பறவையின் கடிகாரம் நண்பகல் என்கிறது. ஐரோப்பாவில் நண்பகல் கதிரவன் தெற்கில் நிற்கும். எனவே வீடு தெற்கே உள்ள புறா, கதிரவனை நோக்கி, அதாவது கிழக்கே பறக்கிறது. ஆறு மணிப் பிழை ஏறத்தாழத் தொண்ணூறு பாகைப் பிழையாகிறது.

இங்கே நம் ஊருக்குரிய சிக்கல் ஒன்று எழுகிறது. பாரிவாக்கம் வடக்கே பதின்மூன்றாம் பாகையில் உள்ளது. ஏப்பிரல் இறுதி வாரத்திலும் ஆகத்து நடுப்பகுதியிலும் நண்பகல் கதிரவன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. நட்ட கோலுக்கு நிழலே விழாது. இடைப்பட்ட மாதங்களில் அது நண்பகலில் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும்; மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். ஐரோப்பியப் புறாவுக்கு நண்பகல் என்றாலே தெற்கு. சென்னைப் புறாவுக்கோ அது பருவத்துக்குப் பருவம் மாறும் குறி. நம் பறவை இதை எவ்வாறு கணக்கில் கொள்கிறது என்பது, செருமானிய நூல்களைப் படித்துவிட்டு நகரக்கூடாத வினா.

வானம் மூடியிருந்தால்? 1971இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் கீட்டன், புறாக்களின் முதுகில் சிறு காந்தப் பட்டையைக் கட்டிப் பறக்கவிட்டார். வெயில் நாளில் அவை வழக்கம்போல் வீடு சேர்ந்தன. மேகமூட்ட நாளில் திசை தடுமாறின. கதிரவன் இருக்கும்போது காந்தத்தை நாடாத பறவை, அது மறைந்ததும் காந்தத்தைத் துணைக்கழைக்கிறது. 1974இல் சார்லசு வால்காட்டும் அவர் துணைவரும் புறாவின் தலையிலும் கழுத்திலும் மின்சுருள் அணிவித்தனர். மின்னோட்டத்தின் திசையை மாற்றியபோது, மூடிய வானின்கீழ்ப் பறவைகள் வீட்டுக்கு எதிர்த்திசையில் பறந்தன.

பறவைகளின் காந்த உணர்வு நம் கையிலுள்ள திசைகாட்டி முள்ளைப்போல் வடமுனை, தென்முனை என்று பிரித்தறிவதில்லை என்பது ஐரோப்பிய இராபின்களைக் கொண்டு 1972இல் காட்டப்பட்டது. காந்தக்கோடுகள் தரையோடு எவ்வளவு சாய்ந்துள்ளன என்பதையே அவை உணர்கின்றன. கோடுகள் தரைக்குள் இறங்கும் பக்கம் முனைப்பக்கம், ஏறும் பக்கம் நடுக்கோட்டுப் பக்கம். வட ஐரோப்பாவில் அச்சாய்வு அறுபது பாகைக்கும் மேல். நம்மிடமோ புவிக்காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ஏவூர்தித் தளம் அமைந்ததும், திருநெல்வேலி அருகே புவிக்காந்த ஆய்வகம் இயங்குவதும் அதனால்தான். அக்கோட்டின்மேல் காந்தக்கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். முனைப்பக்கம் எது, நடுப்பக்கம் எது என்று சாய்வைக் கொண்டு சொல்ல முடியாது. சென்னை அதற்குச் சற்று வடக்கே இருப்பதால் சாய்வு சிறிதே. ஐரோப்பியப் புறாவுக்குக் கைகொடுக்கும் அக்குறி, பாரிவாக்கத்துப் புறாவுக்கு மங்கலாகத்தான் கிடைக்கும். ஆயினும் அது விசயவாடாவிலிருந்து வந்து சேர்கிறது! உலகெங்கும் பாடமாக வைக்கப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுப் பறவைகளைக் கொண்டு செய்யப்பட்டவை. இக்கலையில் நாம் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது, நம் பல்கலைக்கழகங்கள் மொட்டை மாடி ஏறினால்.

காந்தத்தை உணரும் உறுப்பு எது என்பதில் அறிஞர் ஒருமுறை நன்றாகவே ஏமாந்தனர். புறாவின் அலகில் இரும்பு நிறைந்த அணுக்கள் இருப்பதாகவும் அவையே திசைகாட்டி என்றும் பல ஆண்டுகள் எழுதிவந்தனர். 2012இல் நுணுகிப் பார்த்தபோது அவை நரம்பணுக்களே அல்ல. உடலின் பழைய இரும்பை விழுங்கித் துப்புரவு செய்யும் விழுங்கணுக்கள். இப்போது ஆய்வாளரின் பார்வை கண்ணுக்குள் இருக்கும் ஒளியுணர் புரதங்கள்பால் திரும்பியுள்ளது.

நிலப்படம் பற்றிய வழக்கு இன்னும் கடினமானது. இத்தாலியின் பீசா நகரில் புளோரியானோ பாப்பியும் அவர் மாணவரும் 1970களின் தொடக்கத்தில், மோப்பப் புலன் அற்ற புறாக்கள் அறியாத இடத்திலிருந்து திரும்பத் திணறுவதைக் கண்டனர். கூண்டில் வளரும்போதே காற்று வீசும் பக்கத்தையும் அது கொண்டுவரும் மணத்தையும் பறவை இணைத்துக் கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் கொள்கை. பல ஆண்டுகள் கேலி செய்யப்பட்ட அக்கொள்கைக்கே இன்று சான்றுகள் மிகுதி.

அறிந்த வழியாயின் புறா இத்தனை பாடு படுவதில்லை. சாலையைப் பார்த்துப் போய்விடுகிறது. 2004இல் உரோமை நகரைச் சுற்றிய புறாக்களின் முதுகில் புவியிடங்காட்டியைக் கட்டி, இருநூறுக்கும் மேற்பட்ட பறத்தல்களை வரைந்து வெளியிட்டனர். பழகிய பறவைகள் நெடுஞ்சாலையின் மேலேயே பறந்தன. சாலை வீட்டைவிட்டு விலகத் தொடங்கும் பெருஞ்சந்திப்பு வந்ததும் பிரிந்து திரும்பின. இங்கிலாந்தின் ஆக்சுபோர்டிலும் அவ்வாறே கண்டனர். அப்படியாயின் வடக்கிருந்து வரும் நம் ஓமர், கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பற்றிக்கொண்டு செங்குன்றம்வரை வந்து, வெளிவட்டச் சாலையில் இறங்கி, செம்பரம்பாக்கம் ஏரியின் பளபளப்பு முன்னே தெரியுமுன் பாரிவாக்கத்துக்குத் திரும்புகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். காலையில் அதே சாலையில் நெரிசலில் நிற்பவர் தலைக்குமேலே அண்ணாந்து பார்ப்பதுண்டோ?

செய்தி சுமந்த புறாவுக்கு ஒளிப்படமும் எடுக்கத் தெரியட்டும் என்று செருமானிய மருந்தாளர் சூலியசு நியூபிரான்னர், அதன் மார்பில் கட்டும் தானியங்கு ஒளிப்படக் கருவிக்கு 1908இல் காப்புரிமை பெற்றார். 1970களில் அமெரிக்க நடுவண் உளவு முகமை இதையே புதுப்பித்தது. வெறும் 35 கிராம் எடையுள்ள கருவி எடுத்த சோதனைப் படங்களுள் பாதி தெளிவாக இருந்தனவாம். இச்செய்தி 2019இல்தான் வெளியே வந்தது. அதே முகமை அதற்கு முன் 1960களில் பூனை ஒன்றின் காதுக்குள் ஒலிவாங்கியும் உடலில் அலைபரப்பியும் பொருத்திப் பகைவரின் பேச்சைக் கேட்க முயன்று கைவிட்டது. பூனை வளர்த்த எவரையேனும் முன்பே கேட்டிருந்தால் செலவு மிஞ்சியிருக்கும்.

ஒற்றுப்பணி புறாவுக்குக் கெட்ட பெயரையும் தந்தது. 2020இல் சம்மு-காசுமீரின் கத்துவா எல்லையில் பிடிபட்ட புறாவின் கால்வளையத்தில் இருந்த எண்களை மறைகுறி என்று ஐயுற்றனர். அது தன் தொலைபேசி எண் என்று எல்லைக்கு அப்பாலிருந்து வளர்த்தவர் முறையிட்டார். 2023 மே மாதம் மும்பை செம்பூர்ப் பகுதித் துறைமுகத்தருகே, சிறகில் சீன எழுத்தைப் போன்ற கீறல்களோடு பிடிபட்ட ஒன்று, எட்டு மாதம் பரேல் விலங்கு மருத்துவமனைக் கூண்டில் காவலில் இருந்தது. கடைசியில் அது தைவான் நாட்டுப் பந்தயப் புறா என்று தெளிந்து, 2024 சனவரியில் விடுதலை பெற்றது. பந்தயத்தில் தோற்றதற்கு இத்தனை பெரிய தண்டனை வேறெந்த விளையாட்டிலும் இல்லை.

படத்தில் வரும் ஒற்றர் வேலைக்கு நெருங்கிவந்த மெய்ப்பறவை ஒன்றைச் சொல்வதாயின் அது தென்கடலின் அண்டரண்டப் பறவையாகிய அல்பத்ராசு. மூன்று மீட்டருக்கும் மேல் சிறகு விரிக்கும் இப்பறவை, மீன்பிடி கப்பல்கள் எறியும் கழிவுக்காக அவற்றைத் தேடிச் சூழும். பிரெஞ்சு ஆய்வாளர் என்றி வைமர்சுகிர்ச்சு குழுவினர், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதித் தீவுகளில் கூடுகட்டும் 169 அல்பத்ராசுகளின் முதுகில் 65 கிராம் எடைக் கருவி ஒன்றை ஒட்டினர். கப்பலின் ரேடார் அலை பட்டால் கருவி அவ்விடத்தைக் குறித்துச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். சட்டப்படி தன் இருப்பிடத்தை அறிவிக்கும் பொறியை அணைத்துவிட்டுக் களவாக மீன்பிடிக்கும் கப்பலும், மோதலுக்கு அஞ்சி ரேடாரை அணைப்பதில்லை. 2020இல் வெளியான முடிவின்படி, பறவைகள் கண்ட கப்பல்களுள் நூற்றுக்கு இருபத்தெட்டு தம் இருப்பிடத்தை மறைத்திருந்தன. எந்நாட்டுக்கும் உரிமையில்லாத ஆழ்கடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். காவற்கப்பல்கள் எட்டிப் பார்க்க முடியாத நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட சதுரக் கிலோமீட்டர் பரப்பை, மீன்குடலுக்காக அலைந்த பறவைகள் வேவு பார்த்துக் கொடுத்தன.