நரையும் நிறமும் – 7: பாட்டிலில் நிற்கும் 20

அமோனியா முடியின் வெளிச்செதில்களைத் தூக்கிவிடுவதையும், டியூபில் இருப்பது இன்னும் நிறமாகாத சாயம் என்பதையும் போன வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் டெவலப்பர்.

பார்லர் மேசையில் நிற்கும் டெவலப்பர் பாட்டில்களில் 10, 20, 30, 40 என்று எண்கள். நரையை மறைக்க எது? நிரந்தரச் சாயம் என்றால் பெரும்பாலும் 20தான். ஆனாலும், ‘ரொம்பப் பிடிவாதமான நரை, 30 போட்டுடுங்க’ என்று கேட்பவர்கள் உண்டு. எண் ஏறினால் நரை இன்னும் நன்றாக மூடும் என்று நம்புகிறார்கள். அது ஏன் நடப்பதில்லை என்பது, அந்த 20 எதைக் குறிக்கிறது என்று தெரிந்தால் புரிந்துவிடும்.

அது சதவீதம் அல்ல. 20 வால்யூம் டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம்தான். 10-இல் 3, 30-இல் 9, 40-இல் 12. 20 வால்யூம் கரைசல் ஒரு லிட்டரை முழுவதும் சிதையவிட்டால் ஏறக்குறைய 20 லிட்டர் ஆக்ஸிஜன் வாயு வெளியேறும். வால்யூம் என்பது அந்த வாயுவின் அளவு.

இந்தக் கணக்கின் வேர் 1818-இல், பாரிஸில் இருக்கிறது. ஏழை விவசாயியின் மகனாகப் பிறந்து வேதியியல் பேராசிரியரான லூயி ழாக் தெனார், பேரியம் பெராக்சைடை அமிலத்தில் கரைத்தபோது கிடைத்த புதுத் திரவம்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு. அதிலிருந்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, தண்ணீரைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமான திரவமாக்கினார். அது தன் கொள்ளளவைப்போல 475 மடங்கு ஆக்ஸிஜனைத் தருகிறது என்று அளந்து சொன்னார். இன்றைய அணு எடைகளை வைத்துக் கணக்குப் போட்டாலும் 480-ஐ ஒட்டித்தான் வருகிறது! மூலக்கூறு வாய்பாடுகளே இன்னும் நிலைபெறாத காலத்தில், வாயுவைப் பிடித்து அளந்தே அந்த மனிதர் இவ்வளவு நெருங்கியிருக்கிறார். தோலில் பட்டால் சுருக்கென்று குத்தும், பட்ட இடம் வெளுக்கும் என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். கையுறை போடாமல் 40 வால்யூமைத் தொட்ட அழகுக்கலைஞருக்கு அந்த வெள்ளைத் திட்டு நன்றாகத் தெரியும்.

தெனாரைப் பற்றி இன்னொன்று. 1825-இல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, சர்க்கரைத் தண்ணீர் என்று நினைத்துப் பாதரச நஞ்சை ஒரு வாய் குடித்துவிட்டார். பதறாமல், முட்டை வெள்ளைக்கரு வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார். மாணவர்கள் ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள், பிழைத்துக்கொண்டார். அதன்பின் 1857 வரை வாழ்ந்தார்.

தலைக்கு வருவோம். டெவலப்பருக்கு இரண்டு வேலை. ஒன்று, முடியிலுள்ள மெலனினை வெளுப்பது. மற்றொன்று, சாயத்தின் சிறு மூலக்கூறுகளை முடிக்குள்ளேயே ஆக்ஸிஜனேற்றம் செய்து, ஒன்றோடொன்று இணைத்து, வெளியே வர முடியாத பெரிய நிற மூலக்கூறாக்குவது. முழுதாக நரைத்த முடியில் வெளுக்க மெலனினே இல்லை. அதற்குத் தேவை இரண்டாவது வேலைதான். அதற்கு 6 சதவீதம் போதும். 30-ஐப் போட்டால் கூடுவது முதல் வேலை. நரைக்கு நடுவே மிச்சமிருக்கும் கறுப்பு முடி வெளுத்துச் செம்மை தட்டும், உச்சந்தலை எரியும், முடி வறளும்.

அப்படியானால் 10 போதாதா? நரைக்கு மேல் நிறத்தை லேசாகப் படியவிட, போதும். முழுதாக மூட வேண்டுமென்றால் சாயம் பல நேரம் மெலிதாகவே நிற்கும். பக்கத்துக் கறுப்பு முடியோடு கலந்து தெரியாது. 20 அந்தக் கறுப்பையும் சற்றே இளக்கி இரண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருகிறது. 30-க்கும் இடம் உண்டு: மிச்சமுள்ள கறுப்பைவிட இரண்டு மூன்று படி வெளிர்ந்த நிறம் வேண்டுமென்றால் அதுதான் சரி.

கலக்கும் அளவும் முக்கியம். 60 மில்லி சாயத்துக்கு 60 மில்லி டெவலப்பர் என்றால், 6 சதவீதம் தலைக்குப் போகும்போது சுமார் 3 ஆகிவிடும். டியூப் ஒன்றுக்கு ஒன்று என்று சொல்லியிருக்க, தாராளமாக இரண்டு பங்கு டெவலப்பர் ஊற்றினால் சாயமும் சேர்ந்து நீர்த்துப்போகும். நரை அரைகுறையாக மூடும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெளிர்க் கிரீமாக விழும் கலவை, பிரஷ்ஷால் கலக்கிய சில நிமிடங்களிலேயே ஓரத்திலிருந்து கருக்கத் தொடங்கும். அங்கே உருவான நிறம் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது, அவ்வளவும் வீண். அதனால் தலையை வகிடு பிரித்து, துண்டைப் போர்த்தி, எல்லாம் தயாரான பிறகே கலக்க வேண்டும்.

காதோர நரை சாயத்தை ஏற்க மறுப்பதைப் பற்றி இந்த வாரம் சொல்வதாக இருந்தது. தெனார் இடத்தைப் பிடித்துக்கொண்டார். சாயத்துக்கு முன் வெறும் 20 வால்யூமைத் தடவி அந்த முடியை இளக்கும் முறை அடுத்த வாரம். நரைத்த முடியின் வேரிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்துகிடப்பதை பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். அதையும் அப்போது பார்ப்போம்.

(தொடரும்)