ஓய்வுக்காலத்தில் ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி



நான் 38 வருடங்கள் கொழுந்து பறித்தவள். 1987இல் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர் பதிந்து, 2025இல் 60 வயதில் கூடையை இறக்கி வைத்தேன். அதற்குப் பிறகு நான் எடுக்க வேண்டியிருந்த ஒரு தீர்மானத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டில் ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி வாங்குவதா, வேண்டாமா என்பதுதான் அது.

தோட்டத்துப் பெண்ணுக்குத் தொட்டிக் குளியலா என்று எங்கள் அயலிலும் சிரித்தார்கள். "கொழுந்தெடுத்தவளுக்குத் துரைமார் குளியல் கேக்குதோ?" என்றாள் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த ஆசை என் மனதில் நேற்று முளைத்ததல்ல.

சின்ன வயதில் எங்கள் அம்மா துரை பங்களாவில் சமையல் உதவிக்கு நின்றார். பின்வாசலில் ஒரு பொயிலர் இருந்தது. மாலை நான்கு மணிக்கு அதற்கு விறகு போட வேண்டும். கவ்வாத்து மிலாறும் சவுக்கு விறகும் சுமந்து வந்து கொடுப்பது என் வேலை. அந்தச் சுடுதண்ணீர் குழாய் வழியாக உள்ளே போய் ஒரு வெள்ளைத் தொட்டியில் விழும் சத்தம் வெளியே கேட்கும். அந்தத் தொட்டியை நான் ஒருமுறைதான் கண்டேன், அதுவும் அம்மாவுடன் கழுவப் போன அன்று. பங்களா வேலை முடிந்ததும் நாங்கள் பீலிக்கரைக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் குளிப்போம்.

வேலைக்குப் போன 38 வருடமும் அதே பீலிதான். அந்தி நேரத்தில், பாவாடையை நெஞ்சுக்குக் கட்டிக்கொண்டு, பாதையில் யார் வருகிறார்கள் என்று ஒரு கண்ணை வைத்துக்கொண்டே குளிப்போம். எங்கள் பக்கத்துக் குளிர் உங்களில் பலருக்குத் தெரியாது. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். எங்கள் தோட்டம் அதைவிடக் கீழே என்றாலும், தை மாதத்துக் காலையில் பீலித் தண்ணீர் எலும்பைத் துளைக்கும். மழையில் நனைந்து மலையேறி இறங்கிய முழங்கால்கள் இப்போது இரண்டும் வீங்கியிருக்கின்றன.

கன்னியாவில் கண்ட சுகம்

சுடுதண்ணீரின் அருமையை நான் முதலில் உணர்ந்தது திருகோணமலையில். 1977 கலவரத்துக்குப் பிறகு என் அக்கா புருஷனோடு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார். பிறகு கிளிநொச்சி, அதன் பிறகு ஒவ்வொரு இடமாக இடம்பெயர்வு. 2009இல் முள்ளிவாய்க்காலில் அத்தானை இழந்தார். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு வெளியே வந்த பிறகு, அத்தானுக்குக் கிரியை செய்யக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம்.

ஏழு சிறு கிணறுகள். ஒன்றுக்கொன்று சூடு வித்தியாசம். இராவணன் தன் தாயாரின் இறுதிக்கிரியைக்காக உண்டாக்கியவை என்பது நம் மக்கள் சொல்லும் கதை. தொட்டியில் இறங்குவது போல அவற்றில் இறங்க முடியாது. வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். அக்கா அழுதுகொண்டே ஊற்றினார். நானும் ஊற்றினேன். துக்கத்தோடு போன இடத்தில் முழங்கால் வலி இறங்கியதை உணர்ந்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. ஆனாலும் அந்தச் சூட்டை உடம்பு மறக்கவில்லை.

கையில் வந்த காசு

ஓய்வு பெறும்போது நமக்கு வர வேண்டியவை மூன்று. ஊழியர் சேமலாப நிதி முதலாவது. நம் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் அதில் சேர்ப்பார்கள். பெண்கள் 50 வயதில் வேலையிலிருந்து விலகி அதைப் பெறலாம். இரண்டாவது, தொழில்தருநர் 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. மூன்றாவது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் சேவை முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.

என் நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் 14 நாள் 18,900 ரூபா. 38 வருடத்துக்கு 718,200 ரூபா. என் கையால் ஒருமுறையில் தொட்ட பெரிய தொகை இதுவே. சேமலாப நிதி வந்தபோது மகனை வெளிநாடு அனுப்பிய கடனுக்கு அது போய்விட்டது. ஆகவே இது கடைசிப் பணம். இனி ஒன்று வராது.

காசு வருமுன்பே அதற்குச் செலவும் வந்துவிட்டது. மருமகன் முச்சக்கரவண்டிக்கு முற்பணம் கேட்டார். மகள் முன் மண்டபம் கட்டலாம் என்றாள். யாரும் கெட்டவர்களல்ல. ஆனால் "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பேரன் மட்டும் கேட்டான். அவன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். "சுடுதண்ணியில காலை நீட்டி உக்காரணும்டா" என்றேன். அவன் கைத்தொலைபேசியில் படம் காட்டினான். காற்றடித்து விரிக்கும் தொட்டி, நுரை பொங்கும் தண்ணீர், நாலு பேர் உட்காரலாம். "அம்மாயி, இதை வீட்டுக்கே வாங்கலாம்" என்றான்.

பேரன் போட்ட கணக்கு

வாங்கத்தான் நினைத்தேன். பேரனே கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டான். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தத் தொட்டி 1,000 லீற்றர் கொள்ளும். 16 பாகைத் தண்ணீரை 40 பாகைக்குச் சுடவைக்க ஏறத்தாழ 28 அலகு மின்சாரம் தேவை. ஒருமுறை சுட்ட தண்ணீரை மூடி வைத்து, வடிகட்டி, மருந்து போட்டுப் பல நாள் பாவிக்கலாம். ஆனால் எங்கள் குளிரில் இரவு பகலாக அது ஆறும். திரும்பத் திரும்பச் சுடவைக்க வேண்டும். சிறிய 200 லீற்றர் தொட்டி என்றாலும் ஒரு குளியலுக்கு ஐந்தரை அலகுக்கு மேல் போகும். தினமும் குளித்தால் மாதத்துக்கு 168 அலகு. எங்கள் வீடு 60 அலகுக்குள் செலவழிக்கும் வீடு. நமது மின்கட்டணம் 30, 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது. மேல் படிக்குப் போகும்போது அலகின் விலையும் கூடும், நிலையான கட்டணமும் கூடும்.

அதே சூட்டில் ஒரு வாளி, அதாவது 20 லீற்றர் தண்ணீருக்கு அரை அலகுக்குச் சற்று மேல் போதும். தொட்டியின் ஒரு நிரப்பில் 50 வாளி இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். எங்கள் வரிசையில் பத்து வீட்டுக்கும் ஒரே ஊற்றிலிருந்துதான் குழாய் வருகிறது. தை முதல் பங்குனி வரை அது நூலாக ஒழுகும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது நான் 50 வாளி பிடிப்பது நியாயமா?

மூன்றாவது நிலம். நாங்கள் இருப்பது இந்திய உதவியில் மலையகத்துக்குக் கிடைத்த முதல் 4,000 வீடுகளில் ஒன்று. 7 பேர்ச் காணி, பின்னால் சரிவு. 1,000 லீற்றர் தண்ணீர் என்றால் 1,000 கிலோ பாரம். அதைக் கழிக்கும்போது சரிவுக்குள்தான் இறங்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடும் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. நீர் ஊறிய மண்தான் சரியும். சரிவில் வீடு உள்ளவர்கள் கழிவுநீரைக் கான் கட்டி வெளியேற்ற வேண்டும்.

நான்காவது என் உடம்பு. கிளினிக்கில் தாதி அம்மா விளக்கினார். வெதுவெதுப்பான நீர் மூட்டின் விறைப்பைத் தணிக்கும். ஆனால் 40 பாகைக்கு மேல் வேண்டாம், பதினைந்து நிமிடம் போதும். பிரஷர் உள்ளவர்கள் கழுத்தளவு சுடுநீரில் இருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழலாம். சீனி வருத்தத்தால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். அவர்கள் முழங்கையால் பார்க்க வேண்டும், அல்லது வேறொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எனக்குப் பிரஷர் இருக்கிறது.

அக்கா சொன்னது

இந்தக் கணக்கெல்லாம் முடிந்தும் ஆசை போகவில்லை. அந்த நேரம் அக்கா கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தார். அவருக்கு இப்போது 68 வயது. "நீங்க சொல்லுங்கக்கா, வாங்கவா?" என்று கேட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முகாமில தண்ணிக்கு வரிசையில நிண்டு, உடுத்த உடுப்போட வெளியில குளிச்சனாங்கள். ஈரத்தோட கூடாரத்துக்குள்ள வந்து, ஒருத்தர் சீலை பிடிக்க ஒருத்தர் மாத்துறது. அந்த நாளில நான் சுடுதண்ணி நினைக்கேல்ல, தங்கச்சி. உள்ளுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவைத்தான் நினைச்சனான்."

எனக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. எங்கள் வீட்டில் கழிப்பறையும் குளிக்கும் இடமும் ஒரே சிறு அறை. ஆறு பேருக்கு அதுதான். காலையில் வரிசை நிற்கும். அதனால் புது வீட்டுக்கு வந்த பிறகும் நான் பீலிக்கரைக்கே போய்க்கொண்டிருந்தேன். வயதுக்கு வந்த பேத்தியும் சில நாள் என்னோடு அங்கே வருவாள். எனக்கு வேண்டியிருந்தது தொட்டியா, அல்லது யாருக்கும் பயப்படாமல், அவசரப்படாமல், சூடாகக் குளிக்க ஓர் இடமா?

நான் செய்தது

தொட்டி வாங்கவில்லை. வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டினேன். சொரசொரப்பான சீமெந்துத் தரை, இருந்து குளிக்க ஒரு திண்ணை, எழும்பும்போது பிடிக்க இரும்புக் குழாய், உள்ளே தாழ்ப்பாள், கழிவுநீருக்குக் கான். தண்ணீர் சுட அடுப்பை அறைக்கு வெளியே, கூரைக்குக் கீழே வைத்தோம். மூடிய அறைக்குள் விறகோ கரியோ காஸோ எரித்தால் மணமில்லாத நச்சுப் புகை மூச்சை நிறுத்திவிடும். மின்சார ஹீட்டர் பூட்ட விரும்புபவர்கள் தகுதியான மின்வேலையாளைக் கொண்டு தனி வயர் இழுத்து, எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் சரியா என்று பார்த்தே பூட்ட வேண்டும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பிள்ளைகள் வெந்துபோகாமல் இருக்க இது அவசியம்.

முழங்காலுக்கு ஓர் ஆழமான பிளாஸ்டிக் பேசன் வாங்கினேன். அதில் காலை வைத்துக்கொண்டு, கன்னியாவில் செய்தது போலச் சுடுதண்ணீரை முழங்காலில் அள்ளி ஊற்றுவேன். இரவில் பதினைந்து நிமிடம். அந்த நேரம் கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் என் பணத்தில் நான்கில் ஒரு பங்குதான் போனது. மிச்சத்தை என் பெயரில் நிலையான வைப்பில் போட்டேன். மருமகனுக்கு முகம் சுருங்கியது. அந்தப் பக்கம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இப்போது பேத்தி பீலிக்கரைக்குப் போவதில்லை. மகளும் வேலை முடிந்து வந்ததும் முதலில் அந்த அறைக்குத்தான் போகிறாள்.

சகோதரிகளே, நம்மில் பலர் கணவரை, பிள்ளையை இழந்தவர்கள். நட்டஈடோ, சேவைக்காலப் பணமோ, சீட்டுக்காசோ கையில் வரும்போது அதற்குச் சொந்தம் கொண்டாடப் பலர் வருவார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுக்குமுன் ஒரு நாளாவது அந்தக் காசை வைத்துக்கொண்டு உங்கள் உடம்பிடம் கேளுங்கள்: உனக்கு என்ன வேண்டும்? அந்த ஆசைக்கு வெட்கப்படாதீர்கள். பிறகு கொப்பியை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மாதாமாதம் என்ன செலவாகும், பக்கத்து வீட்டுக்கு இடைஞ்சலா, இடம் தாங்குமா, நான் இல்லாத காலத்திலும் வீட்டுப் பெண்களுக்குப் பயன்படுமா என்று பாருங்கள்.

போன வாரம் என்னைப் பார்த்துச் சிரித்த அந்த அயல் பெண் வந்தாள். அவளுக்கும் ஓய்வு கிட்டிவிட்டது. கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "அந்தத் திண்ணை எவ்வளவு உயரம் அக்கா?" என்று கேட்டாள். அளந்து சொன்னேன்.