நாட்பட்ட பித்தநாள நோயும் புற்றுநோய் அச்சமும்

பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் 'பி.எஸ்.சி.' என்னும் நாட்பட்ட நோய் உடையோரும் அவர்தம் குடும்பத்தாரும் எங்களிடம் முதலில் கேட்பது, "இது புற்றுநோயாக மாறிவிடுமா?" என்பதே. பெரும்பாலோர்க்கு மாறுவதில்லை. ஆயினும் அபாயம் உண்டு. அதனைக் கண்காணிக்க வழியும் உண்டு.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டு செல்பவை பித்தநாளங்கள். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சியால் அவற்றின் உட்சுவர் மீண்டும் மீண்டும் சிதைந்து வளர்கிறது. அவ்வாறு வளரும்போது சில செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகக்கூடும். இந்நோயாளிகள் 100 பேரில் ஏறத்தாழ 10 முதல் 20 பேருக்கு வாழ்நாளில் பித்தநாளப் புற்றுநோய் வரலாம். அவற்றுள் மூன்றில் ஒரு பங்கேனும், பி.எஸ்.சி. கண்டறியப்பட்ட முதல் ஆண்டிலேயே தெரியவருகிறது. அதன்பின் ஆண்டுக்கு 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே வருகிறது.

ஆகவே, உடல் நலமாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்வது நல்லது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பித்தநாளங்களையும் பித்தப்பையையும் ஒருங்கே காட்டும். 'சி.ஏ. 19-9' இரத்தப் பரிசோதனை அதற்குத் துணை மட்டுமே. அடைப்பாலும் கிருமித்தொற்றாலும் அந்த அளவு உயரும். எனவே, அந்த எண்ணை மட்டும் கண்டு அஞ்ச வேண்டாம். பெருங்குடல் அழற்சியும் உடையோர் 1 அல்லது 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.

நம் பகுதியில் காமாலை என்றதும் கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் காப்பது வழக்கம். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிந்துவிடும். அதனால் மருந்து பலித்ததாகத் தோன்றும். அடைப்பால் வரும் காமாலை அவ்வாறன்று. காத்திருக்கும் நாள்கள் வீணாகும். கண் மஞ்சளாதல், மலம் வெளுத்தல், அரிப்பு மிகுதல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினும் தாமதியாது வாருங்கள். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் அன்றே வரவேண்டும்.

நோய் முற்றிக் கல்லீரல் செயலிழந்தாலும் வழி அடைபடவில்லை. இந்நோய்க்காகக் கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டோருள் 100-க்கு 80 பேருக்கு மேல் 5 ஆண்டுகள் கடந்தும் வாழ்கின்றனர். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் இவ்வறுவை செய்யப்படுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் ஒரே கோப்பில் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கொண்டுவாருங்கள். சென்ற ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டால்தான் இவ்வாண்டின் சிறு மாற்றமும் எங்களுக்குப் புலப்படும்.