கடற்கரையில் ஒரு மாலை

கொட்டாம்பட்டிக் குடும்பமும் இத்தாலிப் பெயரும்

மாலை மணி ஐந்தரை.

மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் இருக்கிறது கொட்டாம்பட்டி. நத்தத்துக்கும் சிங்கம்புணரிக்கும் சாலைகள் பிரியும் ஊர் அது. பஸ்கள் வருகின்றன, போகின்றன. டீக்கடை பெஞ்சில் ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு, சிரிப்பு, பத்திரிகை. தெருவில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

பெண்கள் எங்கே?

வீட்டில்தான்! வாசல் தெளிக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு உலை வைக்க வேண்டும். காட்டு வேலைக்குப் போய் வந்தவளாக இருந்தாலும் சரி, அவளுக்கு "மாலை" என்று ஒன்று தனியாகக் கிடையாது. பகல் வேலை முடியும். இரவு வேலை தொடங்கும். அவ்வளவுதான்.

கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியே போவது எப்போது? திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. அப்போதும் அவர் நாலு அடி முன்னால் போவார்; அவள் பின்னால் போவாள்.

அந்த ஊரிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குக் கல்யாணத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே அப்பத்தா. காலையில் முகூர்த்தம் முடிந்தது. ஊருக்குப் போகும் பஸ் இரவில்தான். நடுவில் ஒரு மாலை மிச்சம் இருக்கிறது.

"என்னங்க, கடலைப் பார்த்துட்டுப் போவோமா? அத்தை கடலே பார்த்ததில்லையாம்" என்கிறாள் மனைவி.

அவர்கள் போகும் இடம் மெரினா. சென்னையில் காசில்லாமல் அனுபவிக்கக்கூடிய பெரிய சுகம் அதுதான்!

பெயர் எங்கிருந்து வந்தது?

"மெரினா" தமிழ்ச் சொல் அல்ல. இங்கிலீஷ் சொல்லும் அல்ல. அது இத்தாலியச் சொல். கடலோரம் என்று பொருள்.

இத்தாலி தேசத்தைச் சேர்ந்தது சிசிலித் தீவு. அதன் தலைநகர் பலேர்மோ. அங்கே கடலோரத்து உலாவிடத்துக்கு "மரீனா" என்று பெயர். 1881 முதல் 1886 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் கிராண்ட் டஃப். அவர் சிசிலியைப் பார்த்தவர். சென்னையில் கடலோரமாக உலாவுவதற்கு ஒரு பாதை அமைத்தார். 1884-ல் அதற்குப் பெயர் வைக்க வேண்டி வந்தது. சிசிலியின் நினைவு அவர் மனத்தில் இருந்தது. "மெரினா" என்று வைத்துவிட்டார்!

இத்தாலியில் கடலோர ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. வெயில் தாழ்ந்ததும் ஜனங்கள் நல்ல உடை உடுத்திக்கொண்டு வெளியே வருவார்கள். தாத்தா வருவார், பாட்டி வருவாள், புதுமணத் தம்பதிகள் வருவார்கள், குழந்தைகள் வருவார்கள். எங்கும் போய்ச் சேருவதற்காக அல்ல. சும்மா நடப்பதற்காக! கடலோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்கள். தெரிந்தவர்களைக் கண்டால் நின்று பேசுவார்கள். ஐஸ் கிரீம் வாங்கிச் சாப்பிடுவார்கள். பிறகு வீட்டுக்குப் போவார்கள். இதற்கு "பஸ்ஸெஜாட்டா" என்று பெயர். மாலை உலா என்று நாம் சொல்லலாம்.

அந்த உலாவில் ஆண்களுக்கு ஓர் இடம், பெண்களுக்கு ஓர் இடம் என்று பிரிவு இல்லை. குடும்பமே சேர்ந்து நடக்கும்.

மணல் வந்த கதை

மெரினாவில் இறங்கியதும் அப்பத்தா கேட்கிறாள்: "கடல் எங்கேடா? வெறும் மணலாக் கிடக்கு?"

நியாயமான கேள்விதான். சாலையிலிருந்து அலையைத் தொட வெகுதூரம் மணலில் நடக்க வேண்டும். சில இடங்களில் கால் கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும்.

முன்பு அப்படி இல்லை. ஒரு காலத்தில் கடல் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் வேலை தொடங்கியது. கடலுக்குள் கல்லைப் போட்டு நீண்ட சுவர் எழுப்பினார்கள். இந்தக் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும் பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. போக வழியில்லாத மணல் தெற்கே குவிந்தது. அதுதான் இன்றைய மெரினா மணல்.

ஓர் இடத்தில் சேர்ந்தால் இன்னோர் இடத்தில் குறைய வேண்டும் அல்லவா? துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரவில்லை. கடல் கரையை அரித்தது. அங்கே கரையைக் காக்கக் கல்லைக் கொட்ட வேண்டி வந்தது. தெற்கே இருப்பவர்கள் உலாவ மணல் கிடைத்தது. வடக்கே இருப்பவர்கள் மண்ணை இழந்தார்கள்!

கடற்காற்று ஏன் வருகிறது?

மணலில் உட்கார்ந்ததும் முகத்தில் காற்று அடிக்கிறது. கொட்டாம்பட்டியில் கோடைகாலத்தில் இரவு எட்டு மணிக்கும் பாறையும் சுவரும் சூட்டைக் கக்கும். இங்கே அப்படி இல்லை. ஏன்?

பகல் வெயிலில் தரை சீக்கிரம் சூடேறும். கடல் நீர் மெதுவாகத்தான் சூடேறும். தரைக்கு மேலே இருக்கும் காற்று சூடாகி மேலே எழும்பும். காலியான இடத்துக்குக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று ஓடிவரும். அதுதான் கடற்காற்று. கோடையில் சென்னைவாசிகள் பிற்பகலிலிருந்தே அதற்காகக் காத்துக் கிடப்பார்கள்.

இன்னொரு சங்கதி. மெரினாவில் சூரியன் கடலில் மறையாது. இது கிழக்குக் கரை. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு அப்பால் மறையும். ஆனால் பௌர்ணமியன்று வந்தால் கடலிலிருந்து நிலா எழும்புவதைப் பார்க்கலாம். அதற்கு ஈடு இணை ஏது?

சிலைகள் வரிசை

கூவம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே தொடங்கி கலங்கரை விளக்கம் வரை சுமார் 3 கிலோமீட்டர் நடக்கலாம். வழியெல்லாம் பார்க்க வேண்டியவை உண்டு.

முதலில் வரும் பெரிய சிலை உழைப்பாளர் சிலை. நான்கு ஆட்கள் பெரிய பாறையை நெம்பிப் புரட்டுகிறார்கள். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1959-ல் வைக்கப்பட்டது. மேலூர்ப் பக்கம் கல் உடைத்துப் பிழைத்தவர்களைப் பார்த்த கண்களுக்கு இந்தச் சிலையை யாரும் விளக்க வேண்டியதில்லை!

1968-ல் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அப்போது கடற்கரையில் வரிசையாகச் சிலைகள் எழுந்தன. வள்ளுவர், அவ்வையார், கம்பர், இளங்கோ, பாரதியார், பாரதிதாசன் எல்லோரும் இருக்கிறார்கள்.

கண்ணகியும் இருக்கிறாள். கையில் சிலம்புடன் நீதி கேட்கும் கோலம். மதுரையில் நீதி கேட்ட பெண் அல்லவா? 2001-ல் அந்தச் சிலை அகற்றப்பட்டது. பெரிய சர்ச்சை எழுந்தது. 2006-ல் மறுபடியும் அதே கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

அந்த வரிசையில் ஓர் இத்தாலியரும் நிற்கிறார்! வீரமாமுனிவர். சொந்தப் பெயர் பெஸ்கி. 1680-ல் வட இத்தாலியில் பிறந்தவர். மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரியாராகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். தமிழ் கற்றார். தேம்பாவணி என்ற காவியம் பாடினார். சதுரகராதி தொகுத்தார். பரமார்த்த குரு கதை எழுதிச் சிரிக்க வைத்தார்.

எ, ஏ என்று குறிலையும் நெடிலையும் நாம் வேறுபடுத்தி எழுதுகிறோம். ஒ, ஓ என்றும் எழுதுகிறோம். இந்த முறை அவரால் வந்தது என்று சொல்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம். கடற்கரையின் பெயரும் இத்தாலி. அங்கே நிற்பவர் ஒருவரும் இத்தாலி!

எல்லோருக்கும் சொந்தம்

மெரினா வெறும் வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. 1907-ல் விபின் சந்திர பாலர் இந்தக் கடற்கரையில்தான் சுதேசிச் சொற்பொழிவுகள் செய்தார். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவும் பகலும் இங்கே உட்கார்ந்தார்கள். அலங்காநல்லூர் வாடிவாசலில் கிளம்பிய குரல் இங்கே பெருங்கூட்டமாகச் சேர்ந்தது. பெண்கள் கைக்குழந்தைகளுடன் வந்தார்கள். ஜல்லிக்கட்டுக்கு வழி செய்யும் அவசரச் சட்டம் அந்த மாதமே வந்தது.

ஆனால் மாலை உலாவ வருகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மணல் முதலில் மீனவர்களின் வீட்டு வாசல். நொச்சிக்குப்பம், அயோத்தியாகுப்பம் என்று இங்கே மீனவர் குப்பங்கள் உண்டு. 1985-ல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. ஒருவருக்கு உலாவும் இடம்; இன்னொருவருக்கு உலை கொதிக்கும் இடம்!

நடக்க முடியாதவர்களும் கடலைத் தொட வேண்டாமா? 2022 நவம்பரில் மாற்றுத் திறனாளிகளுக்காக மணலின் மேல் மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலைக்குப் பக்கத்தில் போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் பாதை சேதமடைந்தது. பிறகு சீர் செய்தார்கள்.

ஜாக்கிரதை!

பிள்ளைகள் அலையைக் கண்டதும் ஓடுகிறார்கள். தகப்பனார் கையைப் பிடித்து இழுக்கிறார். அவர் செய்ததுதான் சரி!

மெரினா பார்க்க அழகு, குளிக்க ஆபத்து. கரையோரம் சட்டென்று பள்ளமாகும். திரும்பிப் போகும் அலை காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். கிணற்றிலும் கண்மாயிலும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இங்கே மாண்டிருக்கிறார்கள். கண்மாய்த் தண்ணீர் இழுக்காது, கடல் இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழந்தையின் கையை விடக் கூடாது. இருட்டிய பிறகு தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் சுனாமி இந்த மணலின் மேல் ஏறி வந்தது. நடக்க வந்தவர்களும் விளையாட வந்த பிள்ளைகளும் மீனவர் குடும்பங்களும் பலியானார்கள். கடலிடம் அன்பு இருக்கலாம். பயமும் இருக்க வேண்டும்.

சுண்டல் பொட்டலம்

விளக்குகள் எரிகின்றன. பலூன் சுடும் கடை, ராட்டினம், குதிரை, கரி அடுப்பில் வாட்டும் மக்காச்சோளம், மிளகாய் பஜ்ஜி. கூடையைத் தூக்கிக்கொண்டு சுண்டல்காரப் பையன் வருகிறான். பட்டாணிச் சுண்டலில் தேங்காயும் மாங்காயும் கலந்திருக்கும். பொட்டலத்தை ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

அப்பத்தா அலைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள். மருமகள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அலை வந்து காலை நனைக்கிறது. அப்பத்தா குனிந்து ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்கிறாள்.

"நிசமாவே உப்புதாண்டி!"

எல்லோரும் சிரிக்கிறார்கள்.

திரும்பி நடக்கும்போது கணவன் நாலு அடி முன்னால் போகவில்லை. மணலில் வேகமாக நடக்க முடியாது அல்லவா? மனைவியும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. சுற்றிலும் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள்!

ஊரிலே கடல் இல்லையே?

இரவு பஸ் தெற்கே போகிறது. விடிந்தால் கொட்டாம்பட்டி. மறுபடியும் வாசல், தண்ணீர், உலை.

கடலை ஊருக்கு எடுத்து வர முடியாது. ஆனால் மாலையை எடுத்து வரலாம்! இத்தாலிக்காரன் மாலை உலாவுக்குப் பணம் கொடுப்பதில்லை. கடல் இல்லாத ஊர்களிலும் கடைத்தெருவிலேயே நடக்கிறான். வேண்டியது மூன்றே மூன்று. அரை மணி நேரம். வீட்டார் எல்லோரும் கூட வருவது. அந்த அரை மணியில் வீட்டு வேலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது.

கண்மாய்க்கரை இருக்கிறது. கோயில் வாசல் இருக்கிறது. மனைவிக்கு நேரம் கிடைக்க வேண்டுமானால் கணவன் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கலாம். மகன் வெங்காயம் உரிக்கலாம். அதனால் யாருக்கும் கௌரவம் குறைந்துவிடாது.

மாலை மணி ஐந்தரை. டீக்கடை பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. கண்மாய்க்கரை மேல் ஐந்து பேர் நடந்து போகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் போவது யார் தெரியுமா?

அப்பத்தாதான்!