ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க!

"முதல்ல நீட் ரிசல்ட் வரட்டும்... மார்க்கைப் பார்த்துட்டு அப்ளிகேஷன் போடலாம்."

டாக்டர் கனவோடு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. நியாயமாகத்தான் தெரியும். ஆனால், 2025-ல் என்ன நடந்தது தெரியுமா? நீட் ரிசல்ட் வந்தது ஜூன் 14. தமிழக மருத்துவ மாணவர் சேர்க்கைக்கு விண்ணப்பம் தொடங்கியதோ ஜூன் 6!

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகள் விண்ணப்பங்கள் வர வரப் பரிசீலித்து இடம் கொடுக்கின்றன. அங்கே தாமதித்தால் நஷ்டம். நம்ம ஊரில் அப்படியில்லை. முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் நீட் மதிப்பெண் வரிசைதான்.

பிறகு ஏன் அவசரம் என்கிறீர்களா? சான்றிதழ்கள்தான் காரணம்!

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவிகிதம் அகில இந்திய ஒதுக்கீடு, 85 சதவிகிதம் மாநில ஒதுக்கீடு. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றில் போட்டுவிட்டு இன்னொன்றை மறந்துவிடாதீர்கள்.

அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. பிரிவுக்கு 2021 முதல் 27 சதவிகிதம் உண்டு. இதற்கு நம்மிடம் இருக்கிற சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், 'கிரீமி லேயர்' இல்லை என்ற சான்றும் வேண்டும். அதுவும் அந்த வருடம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்டி வர நாளாகும். ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளையா? ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றை கோடை விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் அலைய வேண்டியிருக்கும்!

வெளிமாநிலத்தில் படித்த தமிழகப் பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்றும் தேவை.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர, நீட் மதிப்பெண் அந்த ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். தேதியைத் தவறவிட்டால், நல்ல மார்க் எடுத்த பிள்ளையும் மறுபடி பரீட்சை எழுத வேண்டியதுதான். மார்க் எடுப்பது பிள்ளையின் வேலை. தேதியைக் கவனிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்களேன்... அது நிம்மதியாகப் படிக்கட்டும்!